லயத்து வாசலில் ரோரோ தொட்டி
(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்த கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் மேடையில் இந்தக் கிராணி குப்பை பேச வந்துவிட்டானே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். முதல் லயத்தில் குடியிருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள். அவர்கள் வாசலுக்கு இருபது அடியில்தான் அந்த ரோரோ தொட்டி நிற்கிறது.

ரோரோ தொட்டி எதற்காக ஏற்பட்டது? கட்டடம் இடிக்கும் இடத்தில் கல்லையும் பலகையையும் போட்டு, கொக்கி லோரி வந்து அப்படியே இழுத்துக்கொண்டு போவதற்காக. நம் வாசலில் நிற்பது ஆள் உயர இரும்புப் பெட்டி, மூடி கிடையாது. நாளெல்லாம் கத்தரி பிடித்துக் கை நொந்து வரும் ஒரு தாய், சோற்றுக் குப்பைப் பையை அதற்குள் எப்படி வீசுவாள்? பை வெளியே விழுகிறது. நாய் கிழிக்கிறது, குரங்கு இழுக்கிறது, இரவில் எலி வருகிறது. எலிக் காய்ச்சல் உயிரைக் குடிக்கும் வியாதி. மழை பெய்தால், இந்த மலையில் பெய்யாத மாதம் ஏது, கறுப்புத் தண்ணீர் லோங்காங்கில் இறங்கி ஓடைக்குப் போகிறது.

இன்னொன்று. இரவில் வெளி லோரிகள் வந்து காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக்கையும் பூச்சிமருந்து டின்களையும் கொட்டிவிட்டுப் போகின்றன. போன மாதம் அப்படி ஒரு டின்னில் இரண்டு பிள்ளைகள் தண்ணீர் மொண்டு விளையாடியதை நானே பார்த்துப் பிடுங்கினேன். அன்று இரவு எனக்கு உறக்கமில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம், அதாவது 672-ஆம் சட்டம், பகாங்கில் 2011 செப்டம்பர் முதல் தேதி அமுலுக்கு வந்தது. கண்ட இடத்தில் கொட்டினால் குறைந்தது 10,000 வெள்ளி அபராதம். டவுனில் வீட்டுக்கு வீடு சக்கரத் தொட்டி. வாரம் இருமுறை வீட்டுக் குப்பைக்கு லோரி, ஒருமுறை மறுபயனீட்டுப் பொருளுக்கு. தோட்டத்து வீட்டைப் பற்றி 1966-லேயே சட்டம் வந்தது. பிறகு 1990-இல் 446-ஆம் சட்டம். வீட்டைக் கொடுத்ததோடு முதலாளியின் கடமை தீர்ந்துவிடவில்லை என்பதே அவற்றின் சாரம்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். லோரி வராத நாளிலும் வந்ததாகச் சீட்டு நீட்டினார்கள். இரண்டு முறை கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் முறை மறுத்தேன். இனி அந்தச் சீட்டில் லயத்துப் பிரதிநிதி ஒருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

தொட்டியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வீடு பழுது பார்க்கும்போது வரட்டும். வேலை முடிந்ததும் போகட்டும். வீட்டுக் குப்பைக்கு மூடியுள்ள சக்கரத் தொட்டி கொடுங்கள். ரோரோ நிற்கும் நாட்களில் பிள்ளைகள் நடமாடும் இடத்தைவிட்டுத் தள்ளி வையுங்கள், இரவில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். நம் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும். கனல் அடங்காத அடுப்புச் சாம்பலை அதில் கொட்டி, புகை வந்ததும் கிராணியைக் கூப்பிடுவது நியாயமா?

தீர்மானத்தை இப்போது செயலாளர் வாசிப்பார். பின் வரிசையில் வங்காளதேச, நேப்பாளச் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அதே லயத்தில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு மலாயில் விளக்கிச் சொன்ன பிறகே கை தூக்கச் சொல்லுங்கள்.