அடிபட்ட முழங்காலும் நெடுந்தூர ஓட்டமும்

2025 ஜூலையில் மொனாக்கோவில் நடந்த 3,000 மீட்டர் தடையோட்டத்தில், நம் நாட்டு வீரர் அவினாஷ் சாப்ளே நீர்த்தடையருகே விழுந்தார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் வென்ற கால்கள் அவை. முழங்காலினுள்ளே தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் பிணைக்கும் நார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது.

அந்நார் தானே கூடுவது அரிது. ஆகவே, பெரும்பாலும் உடலின் வேறிடத்திலிருந்து நாரெடுத்துப் பொருத்துவர். அது உறுதிபெற்று ஆடுகளம் புக 9 மாதமேனும் வேண்டும். இதற்கிடையே தொடைத்தசை மெலிந்துவிடும். நடை, படியேற்றம், மெல்லோட்டம் என்று குழந்தையைப்போல் மீண்டும் பழகவேண்டும். வலி நின்றதே என்று விரைவோர் மறுபடியும் அடிபடுவதுண்டு.

அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட், 1984இல் முழங்கால் அறுவைக்குப்பின் 17ஆம் நாளிலேயே ஒலிம்பிக் தேர்வு மாரத்தானை வென்றார். அவ்வாண்டே லாஸ் ஏஞ்சலிஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் ஓடி முடித்து வாகை சூடினார். உங்கள் கண்கள் ஒளிர்வது இந்த ஒலிபெருக்கி வழியே எனக்குத் தெரிகிறது! ஆயின் அவருக்கு நார் அறுபடவில்லை. உறுத்திய சவ்வுத் திரட்சியொன்றைச் சிறு துளை வழியே நீக்கினர், அவ்வளவே.

காரைக்குடிப் பொட்டலில் பந்தாடி முழங்கால் பிசகிய மாணவன், "ஐயா, பெனாய்ட் ஓடவில்லையா?" என்று என்னிடம் வந்தால், "அறுந்தது எது, தம்பி?" என்றே முதலில் கேட்பேன்.