மலாவியில் கடைசி மூன்று நாள்



பிள்ளை மடுவங்களைப் பார்வையிட ஆபிரிக்காவின் தெற்கேயுள்ள மலாவிக்குப் போயிருந்தோம். கடைசி மூன்று நாளும் முலஞ்சே மலையடிவாரத்தில் தங்கினோம். 3,002 மீற்றர், நம்ம பீதுருதாலகாலையை விட உசரம். 1891இல் அங்கே தேயிலை வைத்தவர் இலங்கையில் கோப்பித் தோட்டம் செய்தவராம். கூடை அங்கேயும் முதுகிலதான். சாப்பாடு சோளமாக் களி, ‘ன்சிமா’ என்பார்கள். முதல் நாள் இறங்கவில்லை, கடைசி நாள் கேட்டு வாங்கித் தின்றோம்!

புறப்படுகிற முதல்நாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு வயதான அம்மா, மொழி தெரிந்த தம்பி மூலமாக விசாரித்தார். அவருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு. மண்சுவர், புல்லுக்கூரை, ஆனா அவருடையது.

“உங்க ஆட்களுக்கு வீடு யார் பேரில?”

“தோட்டத்துப் பேரில” என்றோம்.

“எத்தனை வருசமா இருக்கிறாங்க?”

“நாலைந்து தலைமுறையா.”

தம்பி பிழையாகச் சொல்லிவிட்டானோ என்று, அந்த அம்மா திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார்.