பழைய அரங்கமும் புதிய கடனும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முதுமொழி. தன் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டுபவன் படும் பாடே இவ்வளவு என்றால், ஒரு மாவட்டத்து மக்கள் அனைவருக்கும் பொதுவான விளையாட்டரங்கம் ஒன்றைக் கட்டப் புகுந்தவர்களின் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? அதிலும், வேலையின்மை பெருகி, பாங்கிகள் நிலைகுலைந்து, இளைஞர்கள் பிழைப்பைத் தேடிப் பிற நாடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் காலமாக அது அமைந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிறது. நைந்துபோன பழைய அரங்கத்தைப் புதுப்பிப்பதா? நல்ல காலம் வரட்டும் என்று பொறுத்திருப்பதா? அயர்லாந்தின் தென்பகுதியிலுள்ள கார்க் மாவட்டம் இந்தக் கேள்விக்கு விடை காண நேர்ந்தது. அது கண்ட விடையையும், அதற்குக் கொடுத்த விலையையும் இன்று நாம் சற்றே ஆராய்வோம்.

அயர்லாந்து மக்களுக்கென்று தனித்த விளையாட்டுகள் உண்டு. அவற்றைக் கேலிக் விளையாட்டுகள் என்பார்கள். அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று ஹர்லிங். நம் ஹாக்கி மட்டையைவிட அடிப்பகுதி அகன்ற மட்டையால், சிறிய தோல் பந்தை நிலத்திலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம். மற்றொன்று கேலிக் கால்பந்து. அதில் பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். இரண்டிலும் பக்கத்துக்குப் பதினைவர் ஆடுவார்கள். இவற்றை வளர்ப்பதற்காக 1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று தர்லஸ் என்னும் ஊரில் மைக்கேல் கியூசாக் முதலிய சிலர் கூடி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நாளில், சொந்த விளையாட்டைப் பேணுவது சொந்த மொழியைப் பேணுவதற்கு ஒப்பான காரியமாகக் கருதப்பட்டது.

இந்தச் சங்கத்தின் தனிச்சிறப்பு ஒன்றை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். இதன் ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்குவதில்லை. எண்பதாயிரம் பேர் கூடியிருக்கும் டப்ளின் நகரத்து குரோக் பார்க் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை ஆடி வென்றவர், மறுநாளோ அடுத்த நாளோ பள்ளியில் பாடம் சொல்லப் போய்விடுவார். அல்லது பண்ணையில் மாடு கறக்கப் போய்விடுவார். ஊர்தோறும் உள்ள கிளைச் சங்கங்களை நடத்துபவர்களும் பெரும்பாலும் கூலி வாங்காத தொண்டர்களே. ஆகவே இந்தச் சங்கத்தின் மைதானம் எதுவும் தனி முதலாளி ஒருவரின் உடைமையன்று. சீட்டு விற்றும், சந்தா தண்டியும், மண் சுமந்தும் ஊரார் உண்டாக்கிய பொதுச் சொத்து அது. அதன்மேல் ஏறும் கடனும் அவர்கள் அனைவரின்மேலும் ஏறும் கடனே ஆகும்.

கார்க் நகரில் லீ நதிக்கரையை அடுத்து 1904ஆம் ஆண்டிலேயே ஒரு விளையாட்டு மைதானம் திறக்கப்பட்டது. அதே இடத்தில் 1976ல் காங்கிரீட்டால் ஆன பெரிய அரங்கம் எழுந்தது. 1929 முதல் 1964 வரை சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்து உழைத்த பாட்ரிக் ஓ கீவ் என்பாரின் நினைவாக அதற்குப் 'பார்க் ஈ கீவ்' என்று பெயரிட்டார்கள். திறக்கப்பட்ட நாளில் நாடே வியந்த கட்டடந்தான் அது. ஆனால் காங்கிரீட்டுக்கும் மூப்பு உண்டு. பார்வையாளர் மேடைகளின் அடியில் அமைந்த நடைவழிகள் குறுகலும் இருளுமாக இருந்தன. பெருங்கூட்டம் சேரும் நாளில் அவற்றில் நெருக்குண்டு வெளிவருவதே ஒரு சோதனையாயிற்று. சாய்மானமில்லாத இருக்கைகள், போதாத வசதிகள், ஆண்டுக்கு ஆண்டு இறுகிவந்த பாதுகாப்பு விதிகள். முதலில் ஐம்பதாயிரம் பேரை ஏற்ற அரங்கத்தில் அனுமதிக்கும் தொகையையும் குறைக்க வேண்டியதாயிற்று.

இந்த நிலையில்தான் 2008ஆம் ஆண்டில் அயர்லாந்தின் செல்வக் கொழிப்பு சரிந்தது. அது வீடும் நிலமும் விலையேறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் எழுந்த கொழிப்பு. நம்பிக்கை பொய்த்ததும் பாங்கிகள் தள்ளாடின. 2010 நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நிதியத்திடமும் உதவிக் கடன் பெற உடன்பட வேண்டியதாயிற்று. வேலையற்றோர் தொகை உழைப்பாளரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 என்ற அளவை எட்டியது. நாட்டுப்புறங்களில் இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் புறப்பட்டுவிட, பதினைந்து பேரைச் சேர்த்து ஓர் அணி அமைக்கவும் இயலாமல் சில கிளைச் சங்கங்கள் அண்டை ஊருடன் இணைந்து ஆடின.

இத்தகைய காலத்தில் கோடிக்கணக்கான யூரோ செலவில் அரங்கம் வேண்டுமா என்று கேட்டவர்களின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆடுவதற்கே ஆளில்லாத ஊர்கள் இருக்க, பார்ப்பதற்கு இருக்கை எதற்கு என்றார்கள். அரங்கம் நிரம்புவது ஆண்டில் சில நாட்களே. மற்ற நாட்களில் சில ஆயிரம் பேரே வருகிறார்கள். அந்தச் சில நாட்களுக்காக ஒரு தலைமுறையைக் கடனாளியாக்கலாமா என்றார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் வாங்கித் தருவதும், பயிற்சியாளர்களை அனுப்புவதும் அல்லவோ விளையாட்டை வளர்க்கும் வழி என்றும் வினவினார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பதே இவர்கள் கட்சியின் சாரம்.

மறுகட்சியாரின் வாதமும் வலுவுடையதே. பழுதான கூரை, நாட்டின் பொருளாதாரம் சீராகும்வரை விழாமல் காத்திருக்காது. பாதுகாப்புக் குறைந்த கட்டடத்தில் ஒரு விபத்து நேர்ந்துவிட்டால் மிச்சம் பிடித்த பணம் யாருக்கு ஆறுதல் தரும்? மேலும், கட்டட வேலை படுத்துவிட்ட காலத்தில் ஒப்பந்தத் தொகைகள் குறையும். கொத்தருக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கும். நல்ல காலத்தில் கட்டுபவன் எல்லாரோடும் போட்டியிட்டு அதிக விலை கொடுக்கிறான். கெட்ட காலத்தில் துணிபவனுக்கோ அது மலிவாகக் கிடைக்கிறது. இவ்வாறு இவர்கள் கூறினார்கள்.

நடந்தது என்ன? திட்டம் வகுப்பதிலும், அனுமதி பெறுவதிலும், பணம் தேடுவதிலும் காலம் ஓடியது. 2014ல் அரசாங்கம் 3 கோடி யூரோ உதவ இசைந்தது. 2015ல் பழைய அரங்கம் இடிக்கப்பட்டது. 2017 ஜூலையில் ஏறத்தாழ 45,000 பேருக்கான புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அதாவது, யோசனை பிறந்தது பஞ்ச காலத்தில். கல்லும் மண்ணும் ஏறியதோ நாடு மீண்டெழுந்து, கட்டடச் செலவும் ஏறத் தொடங்கிய காலத்தில். மலிவு விலை என்ற வாதம் அங்கேயே வலுவிழந்துவிட்டது. தொடக்கத்தில் 7 கோடி யூரோ அளவில் பேசப்பட்ட செலவு, முடிவில் 9 கோடியைத் தாண்டியது. ஏறத்தாழ 3 கோடி யூரோ கடன் எஞ்சி நின்றது. போதாததற்கு, புதிய ஆடுகளத்தின் புல்தரை சரியாக அமையாமல், திறந்து இரண்டே ஆண்டுகளில், 2019ல், அதைப் பெயர்த்து மீண்டும் அமைக்க நேர்ந்தது.

கடன் வந்தால் கடனோடு வேறு கேள்விகளும் வரும். சங்கத்தின் மைதானங்களில் பிற விளையாட்டுகளுக்கு இடமில்லை என்பது நெடுநாளைய விதி. 2018ஆம் ஆண்டில், கார்க்கில் பிறந்து கால்பந்தாட்டத்தில் பேர்பெற்ற லியாம் மில்லர் தம் 36ஆம் வயதில் காலமானார். அவர் குடும்பத்தின் நலனுக்காக ஒரு கால்பந்துப் போட்டியைப் பார்க் ஈ கீவில் நடத்த வேண்டும் என்று கேட்டபோது, முதலில் அந்த விதி குறுக்கே நின்றது. பொதுமக்களின் வரிப்பணம் 3 கோடி யூரோ வாங்கிய அரங்கத்தில் பொதுமக்கள் விரும்பும் ஓர் அறச்செயலுக்கு இடமில்லையா என்று நாடெங்கும் குரல் எழுந்தது. சங்கம் இணங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்தப் போட்டிக்குத் திரண்டார்கள். 2022 நவம்பரில் மன்ஸ்டர் அணியின் ரக்பிப் போட்டியும் அங்கே நடந்து, அதற்கும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். இசை நிகழ்ச்சிகளுக்கும் அரங்கம் வாடகைக்கு விடப்படுகிறது. இவற்றைக் குறையாகக் கூறவில்லை. ஒருவகையில் இது கதவு திறந்த கதையே. ஆனால் திறப்பதா வேண்டாமா என்ற முடிவில் மனமாற்றத்துக்கு எவ்வளவு பங்கு, பணத் தேவைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

2024 ஜனவரியில் சோதனை இன்னும் நெருங்கி வந்தது. பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்று பணம் தந்து அரங்கத்துக்குத் தன் பெயரைச் சூட்டப்போகிறது என்றும், ஓ கீவின் பெயர் அடியோடு நீங்கிவிடும் என்றும் செய்தி பரவியது. கார்க் மக்கள் கொதித்தெழுந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் சங்கத்துக்கு உழைத்தவரின் நினைவை வட்டிக்கு ஈடு வைப்பதா என்று கேட்டார்கள். இறுதியில் பழைய பெயர் நிலைத்தது; ஆனால் அதற்கு முன்னே வணிகப் பெயர் ஒட்டிக்கொண்டது. காங்கிரீட்டுக்கு ஆன கடன், கல்வெட்டு வரையில் வந்து நின்றதை நாம் இங்கே காண்கிறோம்.

அப்படியானால், பொறுத்திருந்தவர்கள் பிழைத்தார்களா? அதே தீவின் வடபகுதியிலுள்ள பெல்ஃபாஸ்ட் நகரைப் பார்ப்போம். அங்கே 1953ல் திறக்கப்பட்ட கேஸ்மென்ட் பார்க் என்னும் அரங்கம் இச்சங்கத்துக்கே உரியது. அதைப் புதுப்பிக்க 2011ல் வட அயர்லாந்து ஆட்சியினர் பணம் ஒதுக்க முன்வந்தார்கள். மொத்தச் செலவு 8 கோடி பவுனுக்கும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. 2013ல் அரங்கம் மூடப்பட்டது. அக்கம்பக்கத்தார் கட்டடத்தின் அளவையும், அவசர காலத்தில் மக்கள் வெளியேறும் வழியையும் பற்றி வழக்காடினார்கள். 2014 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதியை ரத்துச் செய்தது. புதிய அனுமதி வர 2021 ஆயிற்று. 2028ஆம் ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகளுக்கு இதைத் தேர்ந்தபோது ஒரு நம்பிக்கை பிறந்தது. ஆனால் மதிப்பீடு 40 கோடி பவுனையும் எட்டக்கூடும் என்று தெரிந்ததும், 2024 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் அந்தப் போட்டிகளுக்காக அதைக் கட்டப் பணம் தர மறுத்துவிட்டது. 2025ல் 5 கோடி பவுன் தருவதாக அறிவித்தது. எனினும் அவ்வாண்டிலும் அரங்கம் எழவில்லை. ஒரு பிள்ளை அரிச்சுவடி தொடங்கிப் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் முழுவதும், கேஸ்மென்ட் பார்க்கின் வாயில்கள் பூட்டியே கிடந்தன.

ஆகவே, கட்டினால் கடன், கட்டாவிட்டால் சிக்கனம் என்று இதை எளிதாக வகுத்துவிட இயலாது. காத்திருப்பதற்கும் விலையுண்டு, அந்த விலைக்கு மட்டும் ரசீது வருவதில்லை. அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

கெட்ட காலத்தில் பொதுக் கட்டடத்தில் கை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுதான். முதலாவது, உயிர்ப் பாதுகாப்பையும் அலங்காரத்தையும் ஒரே திட்டத்தில் கட்டிவிடக் கூடாது. இருண்ட நடைவழியை அகலப்படுத்துவது இன்றே செய்ய வேண்டிய கடமை. விருந்தினர் மாடம் நாளை வரலாம். இரண்டாவது, ஆண்டின் பெரிய நாளை மட்டும் எண்ணி அளவெடுக்காமல், சாதாரண ஞாயிற்றுக்கிழமையையும் எண்ணி அளவெடுக்க வேண்டும். மூன்றாவது, மதிப்பீட்டுக்கு மேல் செலவானால் அதை யார் தாங்குவது, எதை விற்றுத் தாங்குவது என்பதை அடிக்கல் நாட்டுமுன்பே ஊரறியச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அரங்கமும் வேண்டும், பெயரும் வேண்டும், கதவையும் திறக்கமாட்டோம் என்றால், அதற்குரிய தொகை இன்னதென்று உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்து கைதூக்க வேண்டும். கார்க்கில் தவறியது கட்டியது அன்று. இந்தக் கேள்விகளைக் கட்டி முடித்த பின் கேட்க நேர்ந்ததே தவறு என்பது நம் கருத்து.

இதற்குப் பின்னும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2018 முதல் மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் போட்டிகள் ஒவ்வோர் அணியின் சொந்த மைதானத்திலும் நடக்கும் முறைக்கு மாறின. அண்மை ஆண்டுகளில் கார்க் அணி ஆடும் பெரிய நாட்களில் அந்த அரங்கம் நிரம்பி வழிகிறது. சிவப்புச் சட்டை அணிந்த நாற்பதாயிரம் பேர் லீ நதிக்கரையோரம் நடந்து செல்வதைக் காண்பவர், இதைக் கட்டியது தவறென்று சொல்லத் தயங்குவர். அந்தக் கூட்டத்தில் தந்தையின் கைபிடித்து வரும் சிறுவன், தன் வாழ்நாளில் பாதிவரை அந்தக் கடனுக்கும் ஒரு பங்காளியாகவே இருக்கலாம். அவனுக்கு அரங்கத்தை விட்டுச் செல்பவர்கள் கணக்கையும் ஒளிக்காமல் விட்டுச் செல்வார்களானால், அவன் அவர்களைக் குறை கூறமாட்டான்.