ஊர் ஊராக ஓர் உத்தியோகம்

(நமது முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"உங்க வேலையைப் பத்திப் பேசுங்க சார், பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் செய்வது என்ன வேலை என்று எங்க அம்மாவுக்கே இன்னும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது விசாரித்தால், "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றான், எப்பப் பார்த்தாலும் ஊருக்குப் போயிடறான்" என்பார். அதில் இரண்டாவது பாதி நூற்றுக்கு நூறு சரி. கம்ப்யூட்டர் வேலைக்கு எதற்காக ஊர் ஊராகப் போகணும் என்பதைத்தான் இன்று சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரியில் நூறு பேரிங் வந்து இறங்குகிறது. ஸ்டோர்ஸில் ஒரு லெட்ஜரில் வரவு வைக்கிறார்கள். பர்ச்சேஸில் அவர்கள் ஃபைலில் 'வந்தது' என்று டிக் அடிக்கிறார்கள். பத்து நாள் கழித்து பில் வந்ததும் அக்கவுண்ட்ஸில் எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் மூன்று இடத்திலும் மூன்று கணக்கு இருக்கும். நான் விற்கிற, மன்னிக்கவும், நான் பொருத்துகிற ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் செய்வது ஒன்றே ஒன்றுதான். சரக்கு வந்ததை ஸ்டோர்ஸ்காரர் ஒரு தடவை பதிந்தால் போதும். அந்த நொடியிலேயே இருப்பு ஏறும், ஆர்டரில் பாக்கி குறையும், 'சரக்கு வந்துவிட்டது, பில் வரவில்லை' என்று அக்கவுண்ட்ஸில் ஓர் இடைக்கணக்கு நிற்கும். பில் வந்ததும் அந்த இடைக்கணக்கு நேராகிவிடும். எளிமையான விஷயம்தான். ஆனால் ஸ்டோர்ஸ்காரர் ஒரு தப்பு செய்தால் அதுவும் அதே நொடியில் பாலன்ஸ் ஷீட் வரைக்கும் போகும்.

இதில் பெரிய பெயர் எஸ்.ஏ.பி. 1972-இல் ஐ.பி.எம்.மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் ஆரம்பித்தது. 1992-இல் அவர்களுடைய ஆர்/3 வந்தது. 1990-களின் கடைசியில், 2000-ஆம் ஆண்டுத் தேதிப் பிரச்சினைக்குப் பயந்து, பழைய புரோகிராம்களை ஒட்டுப்போடுவதைவிட மொத்தமாக மாற்றிவிடலாம் என்று பல கம்பெனிகள் முடிவெடுத்தன. நமக்கு முந்தின செட் அண்ணன்மார்கள் பலர் இந்தத் துறைக்கு வந்தது அப்படித்தான். இன்றைக்கும் அந்த சாஃப்ட்வேரின் அடிவயிற்றில் ஜெர்மன் வார்த்தைகள் கிடக்கின்றன. சப்ளையர் எண்ணுக்கு லிஃப்நர், ஆலைக்கு வெர்க்ஸ். ஜெர்மனியை மேப்பில்கூடத் தேடிப் பார்க்காத நம்ம ஊர்ப் பையன்கள், "லிஃப்நர் தப்பா இருக்கு மச்சான்" என்று பேசிக்கொள்வார்கள். என் பகுதி எம்.எம்., அதாவது கொள்முதலும் ஸ்டோர்ஸும்.

ஜெர்மனியில் ஒரு முறைப்படி எழுதின சாஃப்ட்வேர், நம்ம ஊர் ஆலையில் வேறொரு முறைப்படி நடக்கிற வேலை. இரண்டும் மோதும்போது யார் வளைந்து கொடுப்பது? கம்பெனி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளணுமா, சாஃப்ட்வேரை வெட்டி ஒட்டணுமா? எங்கள் தொழில் முழுக்க இந்த ஒரு கேள்விதான். ஒரு புராஜெக்டில் இது இருநூறு, முந்நூறு தடவை வரும்.

இதில் பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. லிடில் என்கிற ஜெர்மன் கடைக் குழுமம் 2011-இல் எஸ்.ஏ.பி.யைக் கொண்டுவர ஆரம்பித்தது. ஏழு வருஷம் கழித்து, 2018-இல், வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. அதற்குள் சுமார் 50 கோடி யூரோ செலவாகியிருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று கேட்க ரொம்பச் சின்னது. லிடில் தன் சரக்கு இருப்பை வாங்கின விலையில் மதிப்பிடும். சாஃப்ட்வேரின் சில்லறை வணிக முறையோ விற்கிற விலையை வைத்துப் போடும். கம்பெனி தன் வழக்கத்தை விடத் தயாராக இல்லை, சாஃப்ட்வேரை மாற்றிக்கொண்டே போனார்கள். ஒரே நாட்டுக்காரர்களுக்குள் இந்தக் கதி!

சரி, இதை உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்யக்கூடாதா? கேள்விப் பட்டியல் அனுப்பினால் பதில் எழுதி அனுப்பமாட்டார்களா? அனுப்புவார்கள். ஐ.எஸ்.ஓ. ஃபைலில் என்ன இருக்கிறதோ, அதை அழகாக டைப் அடித்து அனுப்புவார்கள். உண்மையில் நடப்பது ஃபைலில் இருக்காது.

புனே பக்கத்தில் சாக்கன் என்று ஒரு தொழிற்பேட்டை. அங்கே வண்டி உதிரிபாகம் செய்கிற ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர், எல்லோரும் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். 'மெயின்டனன்ஸ் ஆர்டர் இல்லாமல் எந்தப் பாகமும் கொடுக்கப்படுவதில்லை' என்று அவர்கள் அனுப்பின பதிலில் இருந்தது. இரண்டாவது வாரம், ராத்திரி ஷிஃப்டில் சும்மா போய் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணிக்கு ஃபோர்மேன் ஓடி வந்தார். கையில் பேப்பர் இல்லை, உடைந்த பெல்ட் இருந்தது. காகா ஒரு வார்த்தை பேசாமல் புது பெல்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, டிராயரைத் திறந்து, ஒரு நீளநோட்டில் குறித்துக்கொண்டார். காலையில் எஞ்சினியர் வந்ததும் பின்தேதி போட்டு ஆர்டர் வாங்கிக்கொள்வார். இப்படிப் பத்து வருஷ நோட்டுகள் அடுக்கி வைத்திருந்தார். சாஃப்ட்வேர் வந்து 'ஆர்டர் எண் எங்கே?' என்று நின்றிருந்தால், அன்றைக்கு அந்த லைன் காலை எட்டு மணி வரை நின்றிருக்கும்.

என்ன செய்தோம்? காகாவின் நோட்டுகளையே வைத்துக்கொண்டு, ராத்திரியில் அவசரமாகக் கேட்கப்படும் சாமான்கள் எவை என்று பட்டியல் போட்டோம். பெல்ட், ஃபியூஸ், ஆயில் சீல், சில பேரிங் என்று நாற்பது சொச்சம் வந்தது. அவற்றை மட்டும் ஆர்டர் இல்லாமல், நேராக அந்தப் பிரிவின் செலவுக் கணக்கில் கொடுக்கலாம், காலையில் எஞ்சினியர் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போடணும் என்று வைத்தோம். எஸ்.ஏ.பி.யில் இதற்கு 201 என்று ஓர் எண் தயாராகவே இருக்கிறது. ஒரு வரி புரோகிராம்கூடப் புதிதாக எழுதவில்லை. மற்ற சாமான்களுக்கெல்லாம் ஆர்டர் கட்டாயம் என்று கம்பெனியும் வளைந்துகொடுத்தது. காகாவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனிக்கு அவசரத்துக்கு பேரிங் கைமாற்றுக் கொடுப்பார், திரும்ப வாங்கிக்கொள்வார், நம் வீடுகளில் சர்க்கரை கொடுத்து வாங்குகிற மாதிரி. அதை ஆடிட்டர் ஒப்புக்கொள்ளவில்லை, நின்றுபோனது. காகாவுக்கு அதில் என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

அவர் ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டார்: "சாஹேப், யே ஆயேகா தோ ஹம் ஜாயேங்கே க்யா?" இது வந்தால் நாங்க போகணுமா என்று.

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் மிகவும் கஷ்டமான கேள்வி இதுதான். எந்தப் பரீட்சையிலும் வராது. சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லி மேலிடத்துக்குக் கொடுக்கிற காகிதத்தில், வரப்போகும் லாபங்கள் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஆள் குறைப்பு என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அங்கேயும் இருந்தது, நான் பார்த்திருந்தேன். "முடிவு என் கையில் இல்லை காகா. ஆனா உங்க நோட்டு இல்லாம இந்தச் சாஃப்ட்வேர் ராத்திரியில் ஓடாது, அதை எழுத்துல கொடுக்கிறேன்" என்றேன். கொடுத்தேன். அவரைக் கீ யூசர், அதாவது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் என்று போட்டார்கள். மவுஸைப் பிடிக்கக் கூச்சப்பட்டவர், மூன்றே மாதத்தில் சின்னப் பையன்களை அதட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அதே ஆலையில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்த இரண்டு கான்ட்ராக்ட் கிளார்க்குகளுக்கு அடுத்த வருஷம் வேலை நீட்டிக்கப்படவில்லை. இரண்டு பேருமே எனக்குத் தங்கள் டப்பாவிலிருந்து பாக்கரி கொடுத்தவர்கள். இதையும் தெரிந்துகொண்டு இந்தத் துறைக்கு வாருங்கள்.

கம்பெனியும் வளையணும், சாஃப்ட்வேரும் வளையணும் என்று ஆன சந்தர்ப்பமும் உண்டு. 2017 ஜூன் 30 ராத்திரி. டில்லியில் பார்லிமென்ட்டின் மைய மண்டபத்தில் விழா எடுத்து ஜி.எஸ்.டி.யைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓர் ஆலையில் சமோசா சாப்பிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் விழித்திருந்தோம். எக்சைஸ், வாட், சர்வீஸ் டாக்ஸ் எல்லாம் நள்ளிரவோடு போய் ஒரே வரி. ஒவ்வொரு சப்ளையருக்கும் 15 எழுத்துகளில் ஓர் எண். அதில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, மகாராஷ்டிரத்துக்கு 27. ஒரே மாநிலத்துக்குள் என்றால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. மாநிலம் தாண்டினால் ஒருங்கிணைந்த வரி. ஓசூர் சப்ளையருக்குக் கை தவறி 29 போட்டால் வரியே மாறிப்போகும். இதைவிடப் பெரிய தலைவலி, வழியில் இருந்த லாரிகள். கிளம்பும்போது பழைய வரி, வந்து சேரும்போது புது வரி. கேட்டில் நின்ற செக்யூரிட்டி, "சார், இந்த வண்டி எந்தச் சட்டம்?" என்று கேட்டார். சரியான கேள்வி!

இனி பிரயாணத்துக்கு வருகிறேன். ஏர்போர்ட், ஹோட்டல் என்றெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் வருஷம் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. நம் நாட்டில் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால், பல கம்பெனிகள் புதுச் சாஃப்ட்வேரையும் அன்றைக்கே தொடங்க விரும்பும். அதற்கு முந்தைய நாட்களில் பழைய சிஸ்டத்தை நிறுத்தி, சரக்கையெல்லாம் கையால் எண்ணி, பாக்கி ஆர்டர், பாக்கித் தொகை எல்லாவற்றையும் புதிதில் ஏற்றணும். ஆகவே மார்ச் மாதம் முழுக்க வெளியூர். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருவதும் மார்ச்சில்தான். இரண்டு முழுப் பரீட்சைக்கு நான் வீட்டில் இல்லை. போனில் வாழ்த்துச் சொன்னேன். கேஸ் புக் பண்ணுவது, பள்ளிக்கூட மீட்டிங், என் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் என் மனைவியின் தலையில். அவரும் வேலைக்குப் போகிறவர். எங்கள் டீமில் பெண்கள் நன்றாக வேலை செய்கிறார்கள். ஆனால் குழந்தை பிறந்த பின் பிரயாண வேலையிலிருந்து முதலில் விலகுகிறவர்கள் அவர்களாகத்தான் இருக்கிறார்கள். கணவன்மார்கள் விலகி நான் அதிகம் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தது. ஒரு புராஜெக்டை வீட்டு டைனிங் டேபிளிலிருந்தே தொடங்கி வைத்தோம். கணக்கு நேரானது, லாரி போனது. என் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்படீன்னா இத்தனை வருஷம் எதுக்குப் போனீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. செட்டிங் போடுவது, சோதித்துப் பார்ப்பது, பயிற்சி எல்லாம் தூரத்திலிருந்தே செய்யலாம், அதற்குப் போனது வீண்தான். ஆனால் வீடியோ காலில் ஸ்டோர்ஸைச் சுற்றிக் காட்டச் சொன்னபோது, அவர்கள் போனைத் திருப்பின பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. டிராயரை யாரும் திறந்து காட்டவில்லை. இப்போது முதல் நான்கு வாரம், சரக்கு எண்ணுகிற நாட்கள், பிறகு தொடங்கின முதல் இரண்டு வாரம், இதற்கு மட்டும் போகிறேன். நடுவில் வீடு. புது இடத்தில் சேரும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள்.

மாணவர்களுக்கு உபயோகமான செய்தி என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். 2015-இல் எஸ்/4 ஹானா என்று புதுத் தலைமுறை வந்தது. பழையதற்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரைதான் என்று எஸ்.ஏ.பி. 2020-இல் அறிவித்தது. பழையதிலிருந்து புதிதுக்கு மாற்றுகிற வேலை இன்னும் ஏராளமாகக் கிடக்கிறது. மெக்கானிக்கல், பி.காம். படித்தவர்கள் தயங்க வேண்டாம். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களைவிட, பற்று வரவு தெரிந்தவர்களுக்கும், ஒரு ஆலை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்கும்தான் இந்த வேலை சீக்கிரம் பிடிபடும். கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால், லீவில் ஒரு மாதம் ஏதாவது ஒரு சின்னக் கம்பெனி ஸ்டோர்ஸில் போய் உட்காருங்கள். சம்பளம் கேட்காதீர்கள், டீ கிடைக்கும். ஓரளவு ஹிந்தி பேசக் கற்றுக்கொள்ளுங்கள். என் ஹிந்தி காகாவின் சிரிப்பில் வளர்ந்தது.

சாயங்காலம் ஐந்து மணி வரை மெக்கானிக்கல் பிளாக் வராந்தாவில் இருப்பேன். கேட்க விரும்புகிறவர்கள் வரலாம். ராத்திரி ரயிலுக்குப் போகணும், நாளை மறுநாள் ஓர் ஆலையில் சரக்கு எண்ணுகிறார்கள்.