திரிகோணமிதிக்கு அஞ்ச வேண்டா

 

ராயபுரத்தில் பிறந்த நமக்குத் துறைமுகத்துப் பாரந்தூக்கி புதிதன்று. அதன் கை சாயச் சாய உயரம் குறையும், கிடைத்தூரம் கூடும். கையின் நீளமோ மாறாது. அதனை ஒன்று எனக் கொண்டால் உயரமே சைன், கிடைத்தூரமே கொசைன். பிதாகரஸ் தேற்றப்படி இவ்விரண்டின் வர்க்கங்களும் எக்கோணத்திலும் கூடி ஒன்றே ஆகும். 30 பாகையில் 1/4உம் 3/4உம், கூட்டிப் பாருங்கள்.

“ஒன்றிலிருந்து சைன் வர்க்கத்தைக் கழித்து, அதனை ஒன்றும் டேன் வர்க்கமும் கூடிய தொகையால் பெருக்குக.” இவ்வினாவைக் கண்டதும் நம் பிள்ளைகள் தாளை மூடிவிடுகின்றனர். முதற்பகுதி கொசைன் வர்க்கமே. அந்த முற்றொருமையைக் கொசைன் வர்க்கத்தால் வகுத்தால், இரண்டாம் பகுதி அதன் தலைகீழ் என்பது விளங்கும். எனவே, கொசைன் பூச்சியமாகாத கோணங்களில் விடை ஒன்று!

1802இல் லாம்ப்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, கோணங்களைக் கொண்டே நாட்டை அளக்கத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள கருவியைச் சுமந்தோர் பலர், கணக்கிட்டோர் சிலர். நம் முன்னோர் சுமந்தது போதும். நம் பிள்ளைகள் கணக்கிடுவோர் வரிசைக்கு வரட்டும். இன்றிரவே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.