இரத்தப் புற்றும் ஒரு சிறு மாத்திரையும்



புற்றுநோய் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். நான் மருத்துவன் அல்லன். வரலாறு பயின்ற ஆசிரியன். ஆகவே எல்லாப் புற்றுகளையும் தொடாமல், வரலாறு தெளிவாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்று என்பது அதன் பெயர்.

நம் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. 1960-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டனர். குறைந்த துண்டு எங்கே போயிற்று? 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி அம்மையார் விடை கண்டார். நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்தவர் அவர். குரோமோசோம் படங்களை வீட்டு உணவு மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டார் என்பதை நம் மகளிர் குறித்துக்கொள்ள வேண்டும். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன.

அவ்வாறு ஒட்டிய இடத்தில் இரண்டு ஜீன்கள் இணைந்து, இயல்பில் இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அது "பெருகு, பெருகு" என்று அணுவுக்கு ஓயாது ஆணையிடுகிறது. மடையை அடைக்க ஆளில்லாத வாய்க்கால் போல வெள்ளணுக்கள் பெருகுகின்றன.

ஜீன் என்றவுடன் பரம்பரை நோய் என்று கருதிப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவோர் உண்டு. பிறப்பைக் காட்டிப் பழி சுமத்தும் வழக்கத்தின் கொடுமையை நாம் அறியாதவர்களா? இந்தக் குரோமோசோம் மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று, பிள்ளைகளுக்குச் செல்வதுமன்று. ஒருவர் வாழ்நாளில் அவருடைய எலும்பு மச்சையின் ஓர் அணுவில் நேர்வது. தொற்றுவதுமில்லை.

அந்தப் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மருந்தை பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் 1998 முதல் நோயாளிகளிடம் சோதித்தார். போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

ஆனால் விலை? காப்புரிமை வழக்கு நடந்த காலத்தில் இந்தியாவில் நோவார்ட்டிஸ் கம்பெனியின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்துக்கு அப்போது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய் ஆயிற்று. அந்தக் கம்பெனி பலருக்கு இலவசமாக வழங்கியதும் உண்மையே. எனினும் தனியுரிமை கிடைத்திருந்தால் மலிவு மருந்து நின்றிருக்கக்கூடும். அறிந்த பொருளின் புதிய வடிவத்திற்கு, கூடுதல் பயனை மெய்ப்பித்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்பது நம் சட்டம். அதன்படி 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அவ்விண்ணப்பத்தை மறுத்தது. சட்டப் பிரிவையே எதிர்த்த வழக்கை 2007-இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் கம்பெனியின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. சட்டம் பயில விரும்பும் இளைஞர்கள் அத்தீர்ப்பைத் தேடிப் படிக்கட்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இம்மாத்திரை நோயை அடக்கி வைப்பது. உடம்பு தேறிவிட்டதென்று நாமாக நிறுத்தலாகாது. மருத்துவர் சொல்லும் வரை நாள்தோறும் உண்ண வேண்டும். காரணமின்றி எடை குறைதல், ஓயாத களைப்பு, இடப்பக்க மேல்வயிறு கனத்தல் ஆகியவை இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. வெள்ளணுக்கள் மிகுந்திருப்பது அதிலேயே தெரியும். பிலடெல்பியா குரோமோசோம் உண்டா என்பதைத் தனிச் சோதனை காட்டும். ஐயமுள்ளோர் இப்போது கேட்கலாம்.