கயிறும் கந்தல் துணியும்

பொதுக்காலம் 20-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு – வானொலி மறையுரை
(எரேமியா 38:4-6, 8-10, எபிரேயர் 12:1-4, லூக்கா 12:49-53)



இன்றைய முதல் வாசகத்தில் ஓர் இறைவாக்கினர் சேற்றுக்குள் இறக்கப்படுகிறார். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலம் அது. நகரம் வீழும் என்ற கசப்பான உண்மையை எரேமியா சொன்னார். மக்களின் மனஉறுதியைக் குலைக்கிறார் என்று தலைவர்கள் அவர்மேல் பழி சுமத்தினார்கள். தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று அரசன் செதேக்கியா ஒதுங்கிக்கொண்டான். எரேமியாவைப் பாழ்ங்கிணற்றில் இறக்கிவிட்டார்கள்.

ஊரில் பலருக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் வாய் திறந்தவராக விவிலியம் காட்டுவது ஒரே ஒருவரைத்தான். அவர் அரண்மனைப் பணியாளரான எபேது மெலேக்கு. அந்த மண்ணைச் சேராத எத்தியோப்பியர். அரசனிடம் நேரே சென்று, நடந்தது தீமை என்றார். எரேமியாவைத் தூக்கிவிட அனுமதியும் பெற்றார்.

வாசகம் இங்கே நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் அடுத்த மூன்று வசனங்களையும் நாம் வாசிப்போம். கருவூலத்துக்குக் கீழிருந்த அறையிலிருந்து எபேது மெலேக்கு கந்தல் துணிகளை எடுத்துச் செல்கிறார். அவற்றை அக்குளில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளுமாறு எரேமியாவிடம் சொல்கிறார். தூக்கும்போது கயிறு உடலை அறுத்துவிடக் கூடாதே என்ற கரிசனை அவருக்கு.

அன்பார்ந்தவர்களே, நம்மில் எல்லாரும் எரேமியா ஆவதில்லை. ஆனால் கயிறும் கந்தல் துணியும் நம் எல்லாருடைய வீட்டிலும் உண்டு.

இந்தப் பணியைச் செய்த ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். நிலத்துக்காகவும் காட்டுக்காகவும் குரல் கொடுத்த பழங்குடி இளைஞர்கள் பலர், தீவிரவாதிகள் என்ற குற்றச்சாட்டில் விசாரணைக் கைதிகளாகச் சிறையில் இருந்தார்கள். அவர்களின் நிலையை அவர் ஆய்வு செய்தார். வழக்குகளை விரைந்து முடிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். கிணற்றில் கிடந்தவர்களுக்குக் கயிறு தேடியவர் அவர்.

பின்னர் அவரே கிணற்றில் இறக்கப்பட்டார். 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், ஊபா சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். தம்மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, குவளையைப் பிடிக்க முடியவில்லை. உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றுக்காக நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருந்தது. செய்தி அறிந்து, முன்பின் தெரியாத பலர் அப்படிப்பட்ட குவளைகளை வாங்கி அவருக்காக அனுப்பினார்கள். அதுவும் ஒரு கந்தல் துணிதான். வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று, மும்பை மருத்துவமனையில் அவர் இறந்தார்.

இனி நம் பங்குக்கு வருவோம். குடிநீர் ஏன் வரவில்லை என்று கிராம சபையில் எழுந்து கேட்கும் பிள்ளைகள், பத்து ரூபாய் கட்டணம் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? "உனக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு?" என்கிறோம். பீடத்தில் வாசகம் வாசித்தால் பாராட்டுகிறோம். வாசித்ததை வீதியில் பேசினால் பயப்படுகிறோம். தந்தைக்கும் மகனுக்கும், தாய்க்கும் மகளுக்கும் பிளவு வரும் என்று இன்றைய நற்செய்தியில் இயேசு எச்சரிப்பது நம் வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது.

நம் பயம் பொய்யான பயமல்ல. பெற்றவர்களின் வயிற்றெரிச்சலை எளிதாகப் பேசிவிட முடியாது. ஆனால் நாம் விலகி நிற்பதால் பிள்ளைக்குப் பாதுகாப்பு வருவதில்லை, தனிமைதான் வருகிறது. தனியாக நிற்பவரைக் கிணற்றில் தள்ளுவது எளிது.

அப்படியானால் என்ன செய்யலாம்? கைது செய்யப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. இதை இளையோர் கூட்டத்தில் சொல்லிக்கொடுப்போம். 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிப்போடுவோம். நம் பங்கிலுள்ள வழக்கறிஞர்கள் மாதம் ஒரு மாலை ஒதுக்கட்டும். பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் சிறையில் கிடப்போர் உண்டு. அவர்களுக்காகக் கையெழுத்திட முன்வருவோம். பிள்ளையைச் சிறையில் விட்டுத் தனியே இருக்கும் தாயின் வீட்டுப் படியேறி, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருவோம்.

பிள்ளைகள் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்பதல்ல. வன்முறையின் பக்கம் சாய்ந்தால் தடுக்கவும் வேண்டும். உடன் நடப்பவர் சொன்னால்தான் அது காதில் ஏறும். கருத்துச் சொல்லவும், ஒன்றுகூடவும், சட்டத்தின் பாதுகாப்பைப் பெறவும் மனிதருக்குள்ள உரிமையை, 1963-இல் திருத்தந்தை புனித 23-ஆம் யோவான் தம் 'பாச்செம் இன் தெர்ரிஸ்' சுற்றுமடலில் வரிசைப்படுத்தினார். அந்த உரிமைகளைக் காக்கும் பிள்ளை திருச்சபையை விட்டு விலகிப் போகவில்லை. அதன் நடுவில்தான் நிற்கிறது.

விடுதலை நாளைக் கொண்டாடும் இந்நாட்களில் மன்றாடுவோம். ஆண்டவரே, உண்மை பேசும் எம் பிள்ளைகளுக்குத் துணிவைத் தாரும். அவர்கள் விழுந்து கிடக்கும் இடத்துக்குக் கயிறும் துணியும் எடுத்துச் செல்லும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.